மேல் வயிறா, கீழ் வயிறா?

தாயம்மாளை முதன்முதலில் பார்த்த அன்று எனக்கு அவளை அடித்துவிடலாம் போல இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இன்று சாந்தோம் கோயிலில் மண்டியிடும்போதெல்லாம் வீட்டார் பெயர்களோடு அவள் பெயரையும் சேர்த்துச் சொல்லித்தான் ஜெபிக்கிறேன்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் வைத்தியர் மாணிக்கவாசகத்தின் ஆயுர்வேத மருந்துக்கடை இருந்தது. தாயம்மாள் அங்கே மருந்து இடிப்பவள். முப்பது வயது இருக்கும். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரத்துக் குடிசையிலிருந்து தினமும் நடந்தே வருவாள். பட்டையும் வேரும் இடித்து, சலித்து, பொட்டலம் கட்டுவது அவள் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பொட்டலம் எந்த வீட்டுக்கு எப்போது போகிறது என்பது அவளுக்கு மனப்பாடம்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மாதவிலக்கு வந்தால் முதல் இரண்டு நாள் சுருண்டு படுத்துவிடுவேன். வாந்தி வரும், கண் இருட்டும். முந்தின வருடம் பரீட்சை நடக்கும்போதே வந்து தொலைத்தது. இரண்டாவது பேப்பரில் பாதியிலேயே என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுத விடுவார்கள். அதையும் கோட்டை விட்டால் டீச்சர் வேலை கனவுதான்.

அம்மா ஃப்ளோரா, "ஏவாளுக்குக் கிடைச்ச தண்டனை, ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துடு" என்பாள். வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி என்று உபவாசம் இருக்க வைத்துப் பட்டினியும் போட்டாள். அப்பா ஸ்தனிஸ்லாஸ் தங்கமான மனிதர். மாதாமாதம் வைத்தியரிடம் போய் மருந்து வாங்கி வருவார். ஆனால் பெற்ற மகளின் அந்தச் சங்கதியை ஒரு ஆண்பிள்ளை கடையில் நின்று எப்படிச் சொல்வார்? "பொண்ணுக்கு வயித்து வலி" என்பார். வைத்தியரும் அஜீரணத்துக்குச் சூரணம் கொடுத்து அனுப்புவார். இரண்டு வருடம் தின்றேன். பசி மட்டும் பிரமாதமாக எடுத்தது.

1946 ஜனவரி முதல் வாரத்தில் அப்பா காய்ச்சலில் படுத்தார். வலியோடு நானே கடைக்குப் போனேன். உள்ளே ஐந்தாறு ஆண்கள். "என்னம்மா உடம்புக்கு?" என்று வைத்தியர் கேட்டார். வீட்டில் அப்பாவைக் கோழை என்று முணுமுணுத்தவள் நான். அந்த நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"வயித்து வலி, ஐயா. எங்கப்பா ஸ்தனிஸ்லாஸ் வாங்குற அதே மருந்துதான்."

அவர் தாயம்மாளைக் கூப்பிட்டுச் சூரணம் கொடுக்கச் சொன்னார். அவள் பொட்டலத்தோடு வந்தவள், நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்தாள். பொட்டலத்தை நீட்டவில்லை.

"ஏம்மா, மேல் வயிறா, கீழ் வயிறா?"

என் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது. அவள் வைத்தியர் பக்கம் திரும்பினாள். அவள் தொண்டையைப் பற்றித்தான் கேட்க வேண்டுமே, தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஐயா, இது அஜீரணம் இல்ல. இந்தப் பொண்ணோட நைனா மாசத்துக்கு ஒருக்கா கரெக்டா வந்து வாங்கிக்கினு போறாரு. நான்தானே பொட்லம் கட்றேன்? அஜீரணம் இன்னா, காலண்டரைப் பாத்துக்கினா வரும்? இது பொம்பளை வலிங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். வைத்தியரின் முகம் சிவந்துவிட்டது. "உன்னை யாரு கேட்டா? நீ வீட்டுக்குப் போ!" என்று அவளை அதட்டினார். நான் மருந்தும் வாங்காமல் ஓடி வந்துவிட்டேன். வழியெல்லாம் அவளைச் சபித்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவள் எங்கள் வாசலில் நின்றாள். திறக்காதே என்று நான் சொல்லச் சொல்ல அம்மா கதவைத் திறந்தாள்.

"எல்லார் எதிரிலேயும் என் மானத்தை வாங்கிட்டியே!" என்று கத்தினேன்.

"திட்டிக்கோம்மா. அங்க நான் கத்துனது தப்புதான். ஆனா ரெண்டு வருசமா உனக்கு வேற எதுக்கோ மருந்து இடிச்சுக் குடுத்தது இந்தக் கைதான். மனசு கேக்கல."

மறுநாள் வேலை இருக்குமோ இருக்காதோ என்ற பயத்தோடுதான் கடைக்குப் போனாளாம். வைத்தியர் அவளை உள்ளே கூப்பிட்டாராம். பிறகு, "இதே மாதிரி இன்னும் எத்தனை வீடு?" என்று கேட்டிருக்கிறார். யோசிக்காமல் பதினோரு வீடு சொல்லியிருக்கிறாள். அவர்தான் என்னிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவரச் சொல்லி அவளை அனுப்பியிருக்கிறார். எத்தனை நாள், வலி முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாய்விட்டுப் பதில் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

புது மருந்து வந்தது. அசோகப்பட்டையைப் பாலில் காய்ச்சிக் குடிக்க வேண்டும். சதகுப்பைப் பொடியைப் பனைவெல்லத்தோடு தின்ன வேண்டும். நாள் நெருங்கும்போது அடிவயிற்றிலும் இடுப்பிலும் வெதுவெதுப்பாக நல்லெண்ணெய் தேய்த்து, வாட்டிய ஆமணக்கு இலையால் ஒத்தடம்.

"கீழ எறங்க வேண்டிய வாயு முரண்டு பண்ணுதாம். சூடும் எண்ணெயும் குடுத்தா வழிக்கு வருமாம். பட்டினி கெடந்தா இன்னும் முறுக்கிக்குமாம்னு ஐயா சொன்னாரு" என்றாள் தாயம்மாள்.

நாற்பது நாள் நோன்பிருக்கும் தபசு காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா இரண்டு நாள் ஜெபமாலையும் கையுமாக இருந்தாள். மூன்றாம் நாள் கோயில் பங்குச் சாமியாரிடம் போய், மழுப்பாமல் உள்ளதை உள்ளபடி சொல்லி, எனக்கு ஒருசந்தியிலிருந்து விலக்கு வாங்கி வந்தாள். அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத்தான் தெரியும்.

முதல் மாதம் பெரிய வித்தியாசம் இல்லை. தாயம்மாளிடம் எரிந்து விழுந்தேன். அடுத்த மாதம் வாந்தி வரவில்லை. ரேஷன் காலம், நல்லெண்ணெய் லேசில் அகப்படாது. எங்கிருந்தோ ஒரு சின்னச் சீசாவில் கொண்டுவந்து அவளே தேய்த்துவிட்டாள். எதற்கு எனக்காக இவ்வளவு அலைகிறாய் என்று கேட்டதற்கு, "பேசாம குப்புறப் படு" என்றாள்.

மார்ச் கடைசியில் பரீட்சை. பயந்தபடியே இரண்டாவது பேப்பர் அன்று காலையில் வந்தது. அம்மா ஒத்தடம் கொடுத்து, சூடாகக் கஞ்சி குடிக்க வைத்து அனுப்பினாள். பத்தரை மணிக்கு வலி ஆரம்பித்தது. பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டேன். வலி இருந்தது, ஆனால் என்னைச் சாய்க்கவில்லை. மூன்று மணி நேரமும் உட்கார்ந்து எழுதினேன். மறுநாளும் எழுதினேன். ஒரு பேப்பர் விடவில்லை.

ஜூனில் ரிசல்ட் வந்தது. நேரே கச்சேரி ரோட்டுக்குப் போனேன். கடையின் முன்பக்கம் வழக்கம்போல ஆண்கள். பக்கவாட்டில் பழைய வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டி, ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். அதில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரை ஓரத்தில் தாயம்மாள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கேட்டு உள்ளே வைத்தியருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் குறும்பாக வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

என் முறை வந்தது. அவள் குனிந்து பொட்டலம் கட்டியபடியே கேட்டாள்.

"மேல் வயிறா, கீழ் வயிறா?"

"வலி இல்ல, அக்கா. பாஸ் பண்ணிட்டேன்."

நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்து சிதறியது. அப்புறம் அந்தப் பழைய தொண்டை.

"ஐயா! அந்த வயித்து வலிப் பொண்ணு டீச்சராயிடுச்சு!"

கடையிலிருந்த அத்தனை ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தடவை நான் ஓடவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.