பட்டயத்துக்கு இரண்டு கையெழுத்து

துணி தேய்க்கிறவளிடம் யாரும் வேஷம் போட முடியாது. சட்டையைப் பார்த்தாலே ஆள் என்ன வேலை செய்கிறவர் என்று சொல்லிவிடுவேன். முழங்கை மட்டும் நைந்திருந்தால் மேசை வேலை. முதுகு நைந்திருந்தால் ஓட்டுநர். திருவனந்தபுரத்தில் அரசாங்க ஆபீஸ்கள் வரிசையாக இருக்கும் ஒரு ரோட்டோரம், வாகை மரத்தடியில் எங்கள் தேய்ப்பு வண்டி இருபது வருஷமாக நிற்கிறது. என் வீட்டுக்காரர் பெட்டியில் சிரட்டைக் கரி மூட்டுவார், தேய்ப்பார், பேச மாட்டார். நான் தேய்ப்பேன், பேசவும் செய்வேன்.

எங்களிடம் நோட்டுப் புத்தகம் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறத்தில் துணி நாடா வைத்திருக்கிறேன். மூட்டை வந்ததும் அந்த வீட்டு நாடாவை வண்டிக் கம்பியில் கட்டுவேன். தேய்த்த துணியை அவர்கள் கையில் கொடுத்த பிறகுதான் அதை அவிழ்ப்பேன். கேட்டில் மாட்டிவிட்டுப் போ, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போ என்பதெல்லாம் என்னிடம் நடக்காது. இத்தனை வருஷத்தில் ஒரு கைக்குட்டை தொலைந்ததில்லை. அப்பேர்ப்பட்ட நான்தான், வாங்காத ஒன்றை வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டவள்.

எங்கள் வீடு கால்வாய் ஓரத்துப் புறம்போக்கில் இருக்கிறது. என் மாமனார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து போட்ட வீடு. முன்பக்கம் சிமெண்டு கல், பின்பக்கம் மண் சுவர், மேலே தகரம். பின்சுவர் சாயத் தொடங்கியதும் ஒரு தென்னந்தடியை முட்டுக் கொடுத்திருந்தோம். அந்த நிலத்தை எங்களுக்கே எழுதிக் கொடுக்க அரசாங்கம் சம்மதித்துவிட்டது என்று ஓணத்துக்கு முன்னால் தாள் வந்தது. தமிழ்நாட்டில் பட்டா என்பார்கள், இங்கே பட்டயம். அது கையில் வந்தால் வீடு கட்டும் திட்டத்தில் சேரலாம். பட்டியலில் எங்கள் பெயர் இருக்கிறது, பட்டயத்தின் நகலை அடுத்த வருஷம் முடிவதற்குள் கொடுத்தால் போதும் என்று வார்டு கவுன்சிலர் சொன்னார். அடுத்த வருஷம் முடிவதற்குள்ளா? நான் சிரித்துவிட்டேன். அடுத்த மாசமே கொடுக்கிறேன் என்றேன்.

ஓணம் கழிந்து பட்டயம் கொடுக்கும் விழா வைத்தார்கள். பெரிய ஹால், பூமாலை, மைக், ஆயிரம் நாற்காலி. மேடைக்குக் கூப்பிட்ட சில பேரில் நானும் ஒருத்தி. புடவையை நானே தேய்த்திருந்தேன், மடிப்பு கத்தி மாதிரி நின்றது. எனக்கு முன்னால் வரிசையில் நின்றவள் பொன்முடிப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற தமிழ்ப் பெண். எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு ஒழுகுகிறது, அடிவாரத்தில் நாலு சென்ட் கிடைத்திருக்கிறது என்றாள். பதற்றத்தில் அவள் கொசுவம் அவிழ்ந்துகொண்டே இருந்தது. என் ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டேன்.

மேடைப் படியருகே ஒரு மேசை, அதில் ஒரு ரிஜிஸ்டர். பெயருக்கு நேரே கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் மேலே விட்டார்கள். சீக்கிரம், சீக்கிரம் என்று ஒருவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். நானும் சரசரவென்று போட்டுவிட்டேன். மேலே ஒரு பெரிய மனிதர் பளபளக்கும் அட்டை உறையைக் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். கீழே வந்து உறையைத் திறந்தால் வாழ்த்துச் சொல்லி அச்சடித்த ஒரு தாள்தான் இருந்தது. கேட்டதற்கு, சில பட்டயங்களில் முத்திரை வைக்க நேரமில்லாமல் போய்விட்டது, ஒரு வாரம் கழித்து ஆபீஸில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். சரி, ஒரு வாரம்தானே என்று நானும் வந்துவிட்டேன்.

ஆபீஸ் எங்கள் வண்டி நிற்கிற ரோட்டில்தான், எது என்று சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு இன்னும் காரியம் இருக்கிறது. போன முதல் மாசம் பெரிய அதிகாரி லீவு என்றார்கள். அடுத்த மாசம் முத்திரை வேறு ஆபீஸுக்குப் போயிருக்கிறது என்றார்கள். அதற்கடுத்த மாசம் தேர்தல் வேலை. சளைக்காமல் போனேன். வண்டிக் கம்பியில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டினேன். இது யார் வீட்டு நாடா என்று வீட்டுக்காரர் கேட்டார். அரசாங்கத்தின் நாடா, பாக்கி வர வேண்டியிருக்கிறது என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

மாசி மாசம் ஆபீஸில் பட்டயம் பார்க்கிற மேசைக்குப் புதிதாக ஓர் அம்மா வந்தார். அவர் ரிஜிஸ்டரைத் திறந்து, பெயரில் விரலை வைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சேச்சி, இது கொடுத்தாச்சல்லே. உங்க ஒப்பு இங்க கெடக்கு."

எட்டிப் பார்த்தேன். ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து. என் கையெழுத்தேதான். கோணலில்லாமல், அழகாக, பெருமையாகப் போட்டிருக்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. உறைக்குள் வாழ்த்துத்தாள்தான் இருந்தது என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மா கெட்டவர் இல்லை. ஒரு வழியும் சொன்னார். பட்டயம் என் கையிலிருந்து தொலைந்துவிட்டது என்று நான் எழுதிக் கொடுத்து, போலீஸ் ஸ்டேஷனிலிருந்தும் ஒரு தாள் வாங்கி வந்தால் நகல் கிடைக்கும், இரண்டு மாச வேலை, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. தொலைக்கிறதற்கு முதலில் என்னிடம் இருந்திருக்க வேண்டாமா? ஊரார் துணியை இருபது வருஷம் தொலைக்காதவள், சொந்த நிலத்துப் பத்திரத்தைத் தொலைத்தேன் என்று போலீஸில் போய் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தவிர, உண்மையான பட்டயம் எங்கேயோ இருக்கிறது. நான் தொலைத்தேன் என்று எழுதிவிட்டால் யாரும் அதைத் தேட மாட்டார்கள். நாளைக்கு அது எவன் கையில் கிடைக்குமோ. மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் அன்றைக்குச் சண்டை. என் வீட்டுக்காரர் பேசினால் நாலு வார்த்தைதான் பேசுவார், அந்த நாலும் சரியான இடத்தில் விழும்.

"ஏ பிள்ள, அந்தச் சொவரு ஒன் ரோஷத்துக்காவ நிக்காது. எழுதிக் குடுத்துட்டு வா."

நான் கேட்கவில்லை. அவர் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து கையெழுத்துக்கு நீட்டினார். நாலாகக் கிழித்துக் கரிப்பெட்டியில் போட்டேன். இரண்டு நாள் வண்டியில் துணி மட்டும்தான் கைமாறியது, பேச்சில்லை.

வைகாசி நடுவில் இறங்கும் இடவப்பாதி மழை அந்த வருஷம் நாள் தவறாமல் வந்தது. மூன்றாம் நாள், பட்டப்பகலில், நாங்கள் வண்டியில் இருக்கும்போது பின்சுவர் விழுந்தது. தென்னந்தடியும் சேர்ந்து விழுந்தது. வீட்டில் யாரும் இல்லாதது எங்கள் நல்ல நேரம். அரிசிப் பானையும் பாயும் கட்டிலும் மண்ணுக்கடியில் போய்விட்டன. நான் சொன்னேனே என்று வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் மண்வெட்டியை எடுத்து மண்ணை அள்ளத் தொடங்கினார். நான் கால்வாய்க் கரையில் போய் உட்கார்ந்து அழுதேன். என் வீம்புதான் சுவரைத் தள்ளியதோ என்று அன்றைக்கு எனக்கே தோன்றியது.

பின்பக்கம் தார்ப்பாய் கட்டி, முன்னறையில் இரண்டு பேரும் ஒடுங்கிக்கொண்டோம். அடுத்த ஓணமும் வந்து போனது. ஆபீஸில் அந்த அம்மா மாறிப்போய் அந்த மேசைக்கு வேறொருவர் வந்தார். வருஷம் முடிய இரண்டு மாசம்கூட இல்லை, சேச்சி கொஞ்சம் விட்டுக் கொடுங்கள் என்று கவுன்சிலர் சொன்னார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஆமாம், மறைப்பானேன், தொலைந்துபோனது என்று எழுதிக் கொடுக்கும் முடிவோடுதான் அன்றைக்குக் கிளம்பினேன்.

ஆபீஸ் வராந்தா பெஞ்சில் ஒருத்தி, மடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, பேனாவைக் கையில் பிடித்தபடி எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அக்கா, ஒங்க ஊக்கு எங்கிட்டதான் இருக்கு."

மேடையில் எனக்கு முன்னால் நின்ற எஸ்டேட்டுப் பெண். கொசுவத்தில் அதே ஊக்கு. மலையிலிருந்து வருகிற பஸ் நாளைக்கு ஒன்றோ இரண்டோ. அதைப் பிடித்து, ஒருநாள் கூலியை விட்டு, ஐந்தாவது தடவையாக வந்திருக்கிறாள். அவளுக்கும் அதே பதில்தான். கொடுத்தாச்சு, ஒப்பு இருக்கிறது, தொலைந்ததென்று எழுதிக் கொடு. அவள் உறையிலும் வாழ்த்துத்தாள்தானாம். தாளைப் பார்த்தேன். என் கவனக்குறைவால் தொலைத்துவிட்டேன் என்கிற வரிக்குக் கீழே கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது.

என் பையிலும் அதே தாள் இருந்தது. எனக்கு ஒரு நிமிஷத்தில் தெம்பு திரும்பிவிட்டது. நான் ஒருத்தி மட்டும் சொன்னால் அது வெறும் வாய்ப்பேச்சு. இரண்டு பேர், இரண்டு ஊர், ஒரே மேடை, ஒரே கதை. பேனாவை மூடு, வா என்று அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

புதிதாக வந்தவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டையைப் பார்த்தேன். வெளிர்நீலம், நேற்று நான் தேய்த்தது. அவர் மனைவி மூட்டையைக் கொண்டுவந்து கொடுப்பார். மீதி நாலு சட்டை இன்னும் வண்டியில் இருந்தன. வண்டிக்கு வருகிறவர்களிடம் சொந்தக் காரியம் பேசக்கூடாது என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். அன்றைக்கு அதைத் தூக்கி மூலையில் வைத்தேன்.

முதலில், இரண்டு பேரும் ஒரே மேடையில் வாங்கி, இரண்டு பேருமே தொலைத்தோமா சார் என்று கேட்டேன். அவர் ரிஜிஸ்டரைக் காட்டினார். ஒப்பு இட்டிருக்கிறீர்களே, இனி நான் என்ன செய்ய என்று கையை விரித்தார். அப்போதுதான் கேட்டேன், சத்தம் போடாமல்.

"சார், ஒங்க சட்ட நாலு என் வண்டியில கெடக்கு. கையில கிட்டிச்சுன்னு இப்ப ஒரு ஒப்பு இட்டுத் தருவீங்களா?"

அவர் சிரித்தார். "அதெப்படி சேச்சி, சாமான் கையில கிட்டாம ஒப்பு இடறது?"

சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றது. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். என் ஆயுளில் நான் வாயை மூடிக்கொண்டு நின்ற அருமையான நேரம் அது. அவர் எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார்.

ஒரு மணி நேரம் ஆனது. வெளிர்நீலச் சட்டை முழுக்கத் தூசியோடு திரும்பி வந்தார். கையில் ஒரு கட்டு. 'விநியோகித்தவை' என்று எழுதிய அலமாரியில், கடைசித் தட்டில் இருந்ததாம். கையெழுத்தெல்லாம் ஆகி, வட்ட முத்திரை மட்டும் வைக்காத பட்டயங்கள். கொடுத்தாயிற்று என்று ரிஜிஸ்டர் சொன்னதால் யாரும் அவற்றை முத்திரைக்கு அனுப்பவே இல்லை. எங்களுடையது மட்டுமல்ல, இன்னும் சில பேருடையதும் அதில் இருந்தது. நாளை மறுநாள் வாருங்கள் என்றார். இந்தத் தடவை நாளை மறுநாள் என்றால் நாளை மறுநாளாகவே இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்காரரும் கூட வந்தார். எஸ்டேட்டுப் பெண் முதல் பஸ்ஸைப் பிடித்து எங்களுக்கு முன்பே வந்து நின்றாள். ஆபீஸ்காரர் ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்து, பழைய கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று போடச் சொன்னார்.

"மொதல்ல கையில குடுங்க சார்," என்றேன்.

கொடுத்தார். நின்றபடியே முழுவதும் படித்தேன். மலையாளம் எனக்குத் தடவித் தடவித்தான் வரும், இருந்தாலும் ஒரு வரி விடவில்லை. நாலு எல்லையும் சரி. அதில் நிற்கும் கட்டிடம் என்ற இடத்தில் எங்கள் வீட்டின் நீளம் அகலம் எழுதியிருந்தது, விழுந்துபோன பின்னறையும் சேர்த்து. கீழே அதிகாரியின் கையெழுத்து, அதன் கீழே தேதி. அந்தத் தேதியை இரண்டு தடவை படித்தேன். நான் மேடை ஏறியதற்கு முந்தின நாள். சுவர் விழுந்த அன்றைக்கு இந்தத் தாள் வண்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில், அலமாரியில், முத்திரை ஒன்று தவிர எல்லாம் ஆகி, தயாராக இருந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவரும் அந்தத் தேதியில் விரலை வைத்தார். எழுதிக் கொடுக்கச் சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பிறகு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் அன்றைய தேதியையும் எழுதினேன். தேதி வேண்டாம் சேச்சி, பழையது இருக்கிறதே, இரண்டும் வித்தியாசமாகத் தெரியும் என்றார் அவர். தெரியட்டும் சார் என்று, மாசத்தையும் வருஷத்தையும் இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதி முடித்தேன்.

எஸ்டேட்டுப் பெண் பேனாவை வாங்கினாள். பட்டயத்தை இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இன்னிக்கி தேதி என்ன?"