மூக்குக்கு மட்டும் தெரியும் சொட்டு

அவருக்கு மோப்பம் என்று பெயர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். பட்டறைக்குள் ஒரு கார் வந்தால், வந்த ஆளிடம் ஒரு வார்த்தை பேசமாட்டார். பானெட்டைத் தூக்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து முகர்ந்து பார்ப்பார். பிறகுதான் “வாங்க” என்பார். முதல் மரியாதை காருக்கு, மிச்சம் இருந்தால் ஆளுக்கு என்பார் பக்கத்து டயர் கடைக்காரர். நான் குடியிருப்பது அந்தப் பட்டறைக்கு மேல் அறையில். என் ஜன்னல் அவருடைய முற்றத்தைப் பார்த்தபடி இருக்கிறது.

அவர் செய்வது பியூல் ரெயில். பம்பு அனுப்பும் பெட்ரோலை வாங்கி, அதை இஞ்சினுக்குள் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் அலுமினியத் தண்டு அது. கம்பெனி கொடுத்தது போதாதென்று இஞ்சினில் கை வைப்பவர்கள் அவரைத் தேடி வருவார்கள். சதுரத் தண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேராகத் துளை போட்டு, ஹோஸ் மாட்ட மரை வெட்டி, இன்ஜெக்டர் தலைகள் உட்கார நான்கு குழி எடுப்பார். ஒவ்வொரு தலையிலும் ஒரு கறுப்பு ஓ-ரிங். கடைசியில் பெட்ரோலைப் பிடித்து வைத்திருப்பது அந்த ரப்பர் வளையம்தான். அங்கே கசிந்தால், சூடான இரும்பில் விழுந்த வேகத்தில் சொட்டு ஆவியாகிவிடும். கண்ணுக்குக் கிடைக்காது, மூக்குக்குத்தான் கிடைக்கும். மூக்கும் கவனிக்காவிட்டால் தீ கவனித்துக்கொள்ளும்.

மழை நாட்களில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. தின்னர் டப்பாவைத் திறந்து பார்த்தார், சோப்பை மூக்கில் தேய்த்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மோப்பம் என்று பேர் வாங்கிய மனிதர் மூக்கு போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு எப்படிப் பட்டறை திறப்பது? குனிவதை மட்டும் விடவில்லை. இதெல்லாம் பின்னால் அவர் வாயாலேயே கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவியின் தம்பி தன் பழைய காரைக் கொண்டுவந்தான். அதில் பெரிய இஞ்சின் ஏற்றியிருந்தான். வாங்கி வைத்திருந்த ரெயில் பெட்டியோடு பின் சீட்டில் கிடந்தது. குழிகளின் இடைவெளி ஒரு விரற்கடை தள்ளி இருந்தது.

“படத்துல பாக்க அப்படியே பொருந்துச்சு மாமா.”

“படத்துல எல்லாம் பொருந்தும் மாப்ள. உங்க அக்காவையும் நான் படத்துல பாத்துத்தான் தலையாட்டினேன்.”

“அதை அக்காகிட்ட சொல்லட்டுமா?”

“ரெயில் வேணுமா வேண்டாமா?”

ரெயில் நன்றாகவே வந்தது. ரிங் போடும்போதுதான் தப்பு நடந்தது. பெட்ரோலுக்கான ரிங்கும் தண்ணீர் பம்புக்கான ரிங்கும் ஒரே கறுப்பு, ஒரே அளவு. வேறு ஆளாக இருந்தால் தனித்தனி டப்பாவில் போட்டிருப்பார்கள். அவருக்கு அந்தத் தேவை வந்ததே இல்லை. தண்ணீர் ரிங்கில் ரப்பர் நெடி அடிக்கும், பெட்ரோல் ரிங்குக்கு வாசமே இருக்காது. அன்றும் கை பழக்கத்தில் ஓடியது. ஒவ்வொரு ரிங்காக எடுத்து முகர்ந்தார். நான்கிலும் வாசம் இல்லை. நான்கையும் மாட்டினார்.

ரெயிலைத் தொட்டியில் முக்கிக் காற்றடித்தபோது ஒரு குமிழிகூட வரவில்லை. தண்ணீர் ரிங்குக்குத் தண்ணீரில் என்ன குறை வரும்? அன்று மாலையே காரில் பொருத்திவிட்டார்.

மறுநாள் காலை மச்சினன் காரை எடுக்க வந்தான். அக்காவை உட்கார வைத்து மலைப்பாதையில் ஒரு சுற்றுப் போய்வருவதாகத் திட்டம். இஞ்சின் சீராக ஓடியது. மோப்பம் கைகளைப் பின்னால் கட்டிக் குனிந்தார், நிமிர்ந்தார்.

“சரியா இருக்கு. எடுத்துட்டுப் போ.”

அவர் மனைவி சாப்பாட்டுப் பையை மேசையில் வைத்தவர் அப்படியே நின்றார். “பெட்ரோல் வாசம் வருது.”

“பட்டறையில ரோஜாப்பூ வாசமாக்கா வரும்? மாமாவே மோந்துட்டு விட்டாரு, உனக்கென்ன?”

“ஆஃப் பண்ணுடா.”

இஞ்சின் நின்றது. அக்கா கணவரின் பக்கம் திரும்பினார். “போன வாரம் பால் தீஞ்சு வீடெல்லாம் நாத்தம். நீங்க அடுப்புப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க. கேட்டதுக்கு ஏதோ யோசனைன்னீங்க.”

மோப்பம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது.

“வாசம் தெரியுதா, இல்லையா?”

“தெரியல.”

“எப்பலேருந்து?”

“காய்ச்சல்லேருந்து.”

மச்சினன் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தான். “அப்ப இப்ப குனிஞ்சீங்களே மாமா?”

“சும்மா குனிஞ்சேன்.”

இஞ்சின் ஆறும்வரை மூன்று பேரும் நின்றார்கள். ரெயிலைத் தூக்கியபோது மூன்று ரிங்குகள் போட்டது போட்டபடி இருந்தன. நான்காவது ராத்திரி முழுக்க ஊறிய கடலைபோல உப்பி, ஓரத்தில் பிய்ந்திருந்தது. மனைவி அதை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய், தம்பி கையில் கொடுத்தார்.

அன்றே டப்பாவில் இருந்த ரிங்குகள் மொத்தத்தையும் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொட்டிப் பெட்ரோல் ஊற்றி மூடினார் மோப்பம். மறுநாள் உப்பியதையெல்லாம் குப்பையில் போட்டார். அதற்குள் விஷயம் தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. டயர் கடைக்காரரிடம் அவரே போய்ச் சொல்லியிருந்தார். ஓரிருவர் வேறு பட்டறை பார்த்துக்கொண்டார்கள். பெயர் மட்டும் மாறவில்லை.

இப்போது அவர் குனிவதில்லை. சாவி கொடுக்குமுன் வந்தவரைப் பார்த்து, “குனிங்க, என்ன வாசம் வருது?” என்கிறார். அவர்கள் கூச்சத்தோடு குனியும்போது அவர் இஞ்சினைப் பார்ப்பதில்லை, அவர்கள் முகத்தையே பார்க்கிறார்.

“ஒண்ணும் வரலீங்க.”

“சளி கிளி பிடிக்கலையே?”

“இல்லீங்க.”

அதுவும் போதாது அவருக்கு. டயர் கடைக்காரரைக் கூப்பிடுவார். “அடுத்தவன் மூக்கை வாடகைக்கு எடுத்துத் தொழில் பண்ற ஆளு நீ ஒருத்தன்தான்யா” என்று முனகிக்கொண்டே அவரும் வந்து குனிவார். நான் ஜன்னலில் இருந்தால் அண்ணாந்து என்னையும் கேட்பார்.

“தம்பி, அங்க ஏதாவது வருதா?”

இல்லை என்று தலையாட்டுவேன். அப்புறம்தான் சாவி கைமாறும்.