காயாரோகணம் குடிக்கவில்லை

1972 தை அறுவடை. பூதலூர்ப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து வரப்பில் வந்த காயாரோகணம், கட்டோடு வாய்க்காலில் விழுந்தான். அந்த வாரத்தில் மூன்றாவது முறை. பண்ணை ஏஜெண்டு இராஜாங்கம், "காலையிலேயே ஏத்திட்டு வந்துட்டான்" என்றார். சாராயக்கடை திறந்த மறு வருஷம் அது. யார் தள்ளாடினாலும் ஒரே காரணம்தான். அவன் மனைவி மலர்கொடி அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்து, இருபது பேர் முன்னால் புருஷன் வாயை மோந்து பார்த்தாள். வெற்றிலை வாடைதான், சாராயம் இல்லை என்றாள். அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை.

ஏஜெண்டு பேசியது அவனுக்கு வலிக்கவில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கமும் அதை நம்பியதுதான் வலித்தது. குடித்துவிட்டு வயலில் இறங்குபவன் பெயரை அந்த அறுவடை முழுக்க நீக்குவது என்பது தொழிலாளர்கள் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. சங்கத் தலைவர் சிவசாமி ஆள் பட்டியலில் அவன் பெயரைப் பென்சிலால் அடித்தார். பண்ணைச் சவுக்கின் தழும்பை முதுகில் சுமந்து செத்தவர் காயாரோகணத்தின் அப்பா. அந்தச் சவுக்கை ஒழித்த சங்கமே மகனைக் குடிகாரன் என்றது.

கருப்பு அடித்திருக்கிறது, வேப்பிலை அடிக்க வேண்டும் என்றார்கள் தெருவில். தலையில் பாரம் ஏற்றியவன் மனுஷன், தள்ளிவிட்டது மட்டும் பேயா என்று கேட்டாள் மலர்கொடி. அவனை ரயிலேற்றித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார். நின்றான். கண்ணை மூடச் சொன்னார். மூன்று எண்ணுவதற்குள் சாய்ந்தவனை நர்ஸ் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது; உடம்பு சாயும்போது சட்டென்று இறுகித் தாங்கவேண்டிய முதுகுத் தசை பிந்தி இறுகுகிறது; கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற சேதியும் சரியாக மேலே போவதில்லை என்று விளக்கினார். "கண்ணு பாத்துக்கிட்டு இருக்கிறதாலதான் நீங்க விழாம நிக்கிறீங்க."

காயாரோகணத்துக்கு விளங்கிவிட்டது. கட்டு தலையில் ஏறினால் நெல்தாள் புருவத்துக்குக் கீழே தொங்கும், காலடி தெரியாது. இருபத்தைந்து வருஷமாகப் பாதத்தாலேயே வரப்பைத் தடவி நடந்தவன் அவன்.

சுவரோரம் நின்று செய்யவேண்டிய பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு, இனிப் பாரம் கூடாது என்பதையும் கேட்டுக்கொண்டு ஊர் திரும்பினான். ஞாயிறு காலை கொடிக்கம்பத்தடியில் சங்கக் கூட்டம். டாக்டரம்மா எழுதித் தந்த சீட்டை அவன் காட்டவில்லை, படிக்கிறவர்கள் குறைவு.

"சிவசாமி அண்ணே, துண்டால என் கண்ணைக் கட்டுங்க."

கண்ணாமூச்சி ஆடப்போறியா என்று சிரித்தார்கள். கட்டியதும் சாய்ந்தான், சிவசாமியே தாங்கினார். அவிழ்த்ததும் அசையாமல் நின்றான்.

"இப்ப ஒவ்வொருத்தரா நின்னு பாருங்க. இதுக்குமா சாராயம் வேணும்?"

கட்டு தூக்கும் ஒன்பது பேரும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். எட்டாவதாக நின்ற ராசு கண்ணைக் கட்டியதும் அப்படியே சரிந்தான். ஒரு வருஷமாக இடது கால் மரத்துப்போகிறது, பெயரை அடித்துவிடுவீர்கள் என்று சொல்லவில்லை என்றான். சிரிப்பு நின்றது.

கட்டின் பருமனைக் குறைக்கச் சொல்லி நாளையே பண்ணையில் பேசுவது என்று முடிவாயிற்று. சிவசாமி பட்டியலை விரித்து, காயாரோகணத்தின் பெயரைக் களத்தில் நெல் தூற்றுகிறவர்களோடு மறுபடி எழுதினார். களத்தில் அந்த ஓர் இடம்தான் இருந்தது. ராசுவின் பெயரை எங்கே எழுதுவது என்று தெரியாமல் பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.