நடுவில் நின்ற முள்

அவளுக்குப் பொய் சொல்ல வராது. நாக்கு ஒத்துழைத்தாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். முடி வெட்டிக்கொண்டவர் கண்ணாடியைப் பார்த்து "நல்லா இருக்கா?" என்று கேட்டால், அவள் வாய் "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லும். கண்ணாடியில் அவருக்குப் பின்னால் தெரியும் முகமோ, காதுக்கு மேலே இன்னும் கொஞ்சம் எடுத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடும். இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் முகம் சுளித்துக்கொண்டு போனபிறகு, சலூன் முதலாளியம்மா அவளைத் தலை கழுவும் தொட்டிக்கு மாற்றிவிட்டாள்.

"அங்க படுக்கிறவங்க கூரையைத்தான் பாப்பாங்க. உன் மூஞ்சியால என் வியாபாரம் கெடாது."

அன்றிலிருந்து கத்தரி பிடித்த கை ஷாம்பூ நுரையிலேயே ஊறிக்கொண்டிருந்தது. விரலிடுக்கில் தோல் உரிந்தது. சலவைக் கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை காலியானபோது முதல் ஆளாய்ப் போய்ப் பார்த்தாள். சொந்தமாய் ஒரு சலூன் வைத்தால் இரண்டு நாற்காலி போடலாம். தண்ணீர்க் குழாய் ஏற்கெனவே சுவருக்குள் வந்திருந்தது. பிடித்தால் வா, பிடிக்காவிட்டால் போ என்று தன் முகத்தோடேயே அங்கே வேலை செய்யலாம். அட்வான்ஸ் கொடுக்க மாதக் கடைசி வரை கட்டடச் சொந்தக்காரர் தவணை கொடுத்தார்.

கையில் பணம் இல்லை. இருந்த பணமெல்லாம் காருக்குள் இருந்தது.

கார் என்றால் நாலு பேர் ஏறி உட்காரும் கார் இல்லை. இரண்டே கதவு, தரையோடு தரையாய்ப் பதுங்கிய உடம்பு, பின்னால் கைப்பை வைக்க மட்டும் ஒரு சீட். முகப்பு விளக்குகள் மூடிக்குள்ளிருந்து எழுந்து வர வேண்டும். ஒன்று எழும், மற்றது தூங்கும். தெருவில் அதற்கு 'ஒன்றரைக்கண்' என்று பெயர். பஸ் ஓட்டும் அவள் கணவன், நாளெல்லாம் மற்றவர்கள் சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டு வருகிறவன், தனக்கென்று ஒன்று வேண்டும் என்று அதை வாங்கினான். அவன் பழைய பாக்கிகளைப் பார்த்து எவனும் கடன் தரவில்லை. அதனால் கடனும் அவள் பேரில், காரும் அவள் பேரில்.

வந்த முதல் மழையில் மேல்கூரைக் கண்ணாடி ஒழுகியது. பிறகு கிளட்ச் போயிற்று. அவள் கடைவாய்ப் பல்லுக்கு வைத்திருந்த பணம் அதோடு போனது. இன்றைக்கும் இடது பக்கம் மெல்லமாட்டாள். கதவுக்கு அடியில் துருவைச் சுரண்டியபோது, அவள் அக்காவைப் பார்க்கப் போவதாக இருந்த பயணம் சுரண்டப்பட்டது. பாகம் கிடைக்காது, கிடைத்தால் யானை விலை, யானை விலை கொடுத்தாலும் வேறு மாடலுக்கான பாகம் வந்து நிற்கும்.

"சக்களத்தியாவது தன் தட்டைக் கழுவி வைப்பாடி," என்றாள் அக்கா போனில். "இது குடிக்கிற ஆயிலைக்கூட நீதானே துடைக்கிறே!"

மெக்கானிக்கை எல்லாரும் விசில் என்றே கூப்பிட்டார்கள். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, தொகையைச் சொல்லும் முன் ஒரு விசில் அடிப்பார். விசில் எவ்வளவு நீளமோ பில் அவ்வளவு நீளம். கடைசியாக இன்ஜின் சூடாகிறது என்று கொண்டுபோனபோது வாட்டர் பம்ப்பை மாற்றினார்.

"அவ்வளவுதான், இனிமே பிரச்சனை இல்லை," என்று கணவன் வந்து சொன்னான். அறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தானாகவே இன்னொன்றும் சொன்னான். "வித்துடலாம்மா. உன் கடைக்கு ஆகட்டும்."

அன்றிரவு அவள் அவனுக்கு ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள்.

வாங்க ஒரு பல் டாக்டர் கிடைத்தார். கல்லூரிக் காலத்தில் இதே வண்டியைக் கடைவாசலில் பார்த்து ஏங்கியவராம். வண்டியைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தால் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைத் தருவதாகச் சொன்னார். அவர் சொன்ன நாளில் கணவனுக்குக் காலை ஷிப்ட். அவள்தான் ஓட்டிப்போக வேண்டும். முடிந்தால் அந்தப் பல்லையும் காட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் அவன் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டுப் படுத்திருந்தான்.

"ஒரு ஒயர் லூசா இருக்கு. லைட்டைக் காட்டு."

அவள் குனிந்து போன் விளக்கைப் பிடித்தாள். முதுகு வலித்தது.

"ஆட்டாதே! அசையாம பிடி."

அவன் எதையோ சின்னதாக வைத்து டேப் சுற்றினான்.

மறுநாள் சாவியைத் திருகியதுமே வெப்பம் காட்டும் முள் நேராக நடுவுக்கு வந்து நின்றது. புதுப் பம்ப் வேலை செய்கிறது என்று மகிழ்ந்தாள். இத்தனை வருஷம் அவள் சாலையைவிட அந்த முள்ளைத்தான் அதிகம் பார்த்து ஓட்டியிருக்கிறாள். முள் நடுவைத் தாண்டினால் ஹீட்டரை முழுக்கத் திறந்து, ஜன்னலை இறக்கி, ஓரங்கட்டிவிட வேண்டும். இன்ஜின் சூட்டைத் தன் முகத்தில் வாங்கிக்கொண்டு எத்தனையோ தடவை அதைக் காப்பாற்றியிருக்கிறாள்.

மேட்டுச் சாலையில் ஏறும்போது ஒரு வாசனை வந்தது. பாகு தீய்ந்த மாதிரி இனிப்பு வாசனை. அவளுக்குத் தெரிந்த வாசனைதான். கை தானாக ஹீட்டர் பக்கம் போனது. முள்ளைப் பார்த்தாள். நடுவில் ஆணி அடித்தாற்போல் நின்றது. முன்னால் போகும் லாரியாக இருக்கும் என்று கையை எடுத்துக்கொண்டாள். மூக்கைவிட முள்ளை நம்பினாள்.

மேட்டின் உச்சியை எட்டும் முன் பானெட்டின் விளிம்பெல்லாம் வெண்ணிறமாய் ஆவி கிளம்பியது. உள்ளே இரும்பும் இரும்பும் முட்டும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. பின்னால் வந்தவர்கள் மட்டும் ஹாரன் அடித்தார்கள்.

இழுவை வண்டியோடு வந்த விசில், பானெட்டைத் திறந்து பார்த்தார். விசில் அடிக்கவில்லை. அவளுக்கு அதிலேயே புரிந்துவிட்டது.

"ஏன் தங்கச்சி, இவ்வளவு சூடாகிற வரைக்கும் ஓட்டினே?"

"முள் நடுவுல இருந்துச்சுங்க."

அவர் சாவியைத் திருகிப் பார்த்தார். செத்துப்போன இன்ஜினுக்கும் முள் நடுவில்தான் நின்றது. ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு டேப்பைப் பிரித்தார். அரிசி அளவு ஒரு பாகம் அவர் உள்ளங்கையில் வந்தது.

"இதைப் போட்டா முள் எப்பவும் இப்படித்தான் நிக்கும். பம்ப் மாத்தும்போதே சொன்னேனே, ஹெட் கேஸ்கெட் போகுது, மறுபடியும் சூடாகும், இன்ஜினைப் பிரிக்கணும்னு. உங்க வீட்டுக்காரர் சொல்லலையா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே கேட்காமல் சங்கிலியை மாட்டப் போனார். பல் டாக்டருக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். "அப்ப தப்பிச்சேன்," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

கணவன் யூனிபார்மைக் கழற்றும் முன்பே அந்த அரிசியை மேஜைமேல் வைத்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா உன் மூஞ்சில தெரிஞ்சிருக்கும். அந்த ஆள் ஒரே பார்வைல கண்டுபிடிச்சிருப்பான்."

"என் கையாலேயே லைட் பிடிக்க வெச்சீங்களே."

"உன் கடைக்காகத்தானே செஞ்சேன்! எனக்காகவா?" குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "மேட்டைத் தாண்டினா கிளினிக். அதுவரைக்கும் தாங்கும்னு நினைச்சேன்."

மாதம் முடிந்தது. சலவைக் கடைக்குப் பக்கத்து அறைக்கு ஒரு போன் ரிப்பேர்க்காரர் வந்தார். தண்ணீர்க் குழாயை அறுத்து மூடினார். அவள் தொட்டியில் தலைகளைக் கழுவினாள். வீட்டுக்குக் கீழே இழுத்து வந்து நிறுத்திய காருக்குக் கணவன் புதிதாக ஓர் உறை வாங்கிப் போர்த்தினான். பழைய இன்ஜின் ஒன்று கிடைத்தால் மாற்றிவிடலாம் என்று விடியும்வரை போனில் தேடினான். தேடும்போது அவன் முகத்தில் ஒரு களை வரும்.

ஒரு நாள் அவன் பஸ்ஸை எடுக்கப் போனபிறகு பழைய இரும்புக்காரர் லாரி கொண்டுவந்தார். அவள் கையெழுத்துப் போட்டாள். ஒன்றரைக்கண் ஏற்றப்பட்டபோது தூங்குகிற விளக்கின் மூடி குலுங்கித் திறந்துகொண்டது. இத்தனை செலவிலும் திறக்காத மூடி. கிடைத்த பணம் அட்வான்ஸில் பாதிகூட வராது. பல்லுக்குச் சரியாக இருந்தது.

சாயங்காலம் அவன் கீழே வெறும் ஆயில் கறையைப் பார்த்துவிட்டு மேலே ஓடிவந்தான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"காலைல நான் கிளம்பும்போதே முடிவு பண்ணிட்டியா?"

"ஆமா."

"உன் மூஞ்சில ஒண்ணுமே தெரியலையே!"

"ஆமா," என்றாள் மறுபடியும்.

அவன் நாற்காலியில் விழுந்தான். மன்னிப்புக் கேட்கப்போகிறான் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. மடித்த சட்டையை மடியிலேயே வைத்துக் காத்திருந்தாள்.

"வாட்டர் பம்ப் புதுசு," என்றான் அவன். "அதையாவது கழட்டி வெச்சிருக்கலாம்ல?"

அவள் அடுத்த துணியை எடுத்தாள்.