கிள்ளி மறைத்த மிளகு இலைகள்

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மாதம். கொல்லிமலையில் பல ஊர் சேர்ந்ததை நாடு என்போம்; அப்படித் திண்ணனூர் நாட்டில், சரிவில் இருக்கும் என் மிளகுத் தோட்டத்தில்தான் இது ஆரம்பித்தது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். ஆனால் மிளகு என்று வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் என்னைக் கேட்காமல் பேசமாட்டார்கள். வீட்டுக்காரர் போன பிறகு தனியாக நின்று வளர்த்த கொடிகள் அவை.

கீழே ஒரு பல்கலைக்கழகத்தில் கணக்கில் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி அப்போது மலைக்கு வந்தாள். இலைகளைப் படம் பிடித்துக் கம்ப்யூட்டருக்குக் காட்டிக்கொண்டே இருந்தால், எது நோய் இலை, எது நல்ல இலை என்று அதுவே கற்றுக்கொள்ளுமாம். பிறகு யார் இலையைச் செல்போனில் காட்டினாலும், கொடி வாடுவதற்கு முன்பே சொல்லிவிடுமாம். பல ஊர்த் தோட்டங்களில் படம் எடுத்தாள். எங்கள் சரிவில் என்னுடையதில் மட்டும்தான் எடுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிறுதோறும் வருவாள். சனிக்கிழமை சாயங்காலமே நான் தோட்டத்தில் இறங்கி, கரும்புள்ளி விழுந்த இலை, மஞ்சளித்த இலை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கிள்ளிக் குழியில் போட்டு மூடிவிடுவேன். ஒருத்தர் வீட்டுக்கு வரும்போது வாசல் குப்பையைக் கூட்டாமல் விடுவோமா? அப்படித்தான் நினைத்தேன். பக்கத்துத் தோட்டத்து நாத்தனார் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“ஏனுங்க அண்ணி, கொடியைப் பொண்ணு பாக்க வாராங்களா? அப்படியே பூவும் வெச்சு உடுங்க!”

“உன்ற தோட்டத்தை எவ படம் புடிக்க வந்தா? போயி வேலையப் பாரு.”

“உங்க தோட்டத்துல மட்டும் நோயே இல்லையேம்மா, எப்படி?” என்று அந்தப் பெண் கேட்பாள்.

“கை ராசி, கண்ணு” என்பேன்.

அவளுடைய துறையில் வாரம் ஒருவர் தம் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும் கருத்தரங்கு உண்டு. பங்குனியில் அவள் முறை வந்தபோது என்னையும் அழைத்தாள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, சேந்தமங்கலத்தில் பஸ் மாறிப் போனேன். முன்வரிசையில் உட்கார வைத்தாள். திரையில் என் கொடி, ஆள் உயரத்துக்கு. மற்றதெல்லாம் கோடும் எழுத்துமாக ஓடியது, எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் பேசி முடித்ததும் பேராசிரியர் ஒருவர் எழுந்தார். மற்ற எல்லாத் தோட்டத்திலும் நோய் இருக்கிறது, இந்த ஒன்றில் மட்டும் ஒரு நோய் இலைகூட இல்லையே. அந்தச் சரிவின் நிழலையும் மண்ணையும் கண்டாலே நோய் இல்லை என்று சொல்ல உங்கள் கம்ப்யூட்டர் பழகியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அவள் தயங்கவே இல்லை.

“அந்த அம்மா வளர்க்கிற விதம் அப்படி சார். இதோ, இங்கேயே இருக்காங்க.”

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அந்தப் பெண் அதை எங்கள் எல்லார் செல்போனிலும் ஏற்றிக் கொடுத்தாள். நாத்தனார் அதே சரிவில் இருக்கும் தன் கொடியின் இலையை அதில் காட்டினாள். நோய் இல்லை என்றது. அதை நம்பி மருந்து அடிக்காமல் விட்டாள். கார்த்திகைக்குள் கொடிகள் வரிசை வரிசையாகக் கருகித் தொங்கின. சேதி கேட்டு மலையேறி வந்த அந்தப் பெண், நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பு என்னோடதும்மா, எங்கேன்னுதான் தெரியலை” என்று அழுதாள். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நாத்தனார் எழுந்து போய்விட்டாள். அந்தப் பெண், “நோய் இலையைத் தேடித்தானேம்மா நான் இங்க வந்தேன்” என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அதே கருத்தரங்கில் மறுபடி நின்று, தன் அத்தனை நாள் வேலையும் தப்பு என்று சொன்னாளாம். எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, என் பேரை எடுக்காமல், தான்தான் சரியாகக் கவனிக்கவில்லை என்றாளாம். அவளுடன் படித்தவள் போனில் சொன்னாள். முதலிலிருந்து தொடங்க அவளுக்குப் படிப்பில் காலம் மிச்சமில்லை. படிப்பை விட்டுவிட்டு எங்கேயோ வேலைக்குப் போய்விட்டாள்.

நாத்தனார் புதுக் கொடி நட்டுவிட்டாள், என்னோடு பேசவும் செய்கிறாள். ஆனால் என் கௌரவத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு அந்தப் பெண் தன் படிப்பை இழந்து போனாள். அந்தக் கௌரவத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.