மூவருக்கு ஒரே கிண்ணம்

சனிக்கிழமை காலை 9.10. மவுண்ட் வெல்லிங்டனில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு வாசலில் சுபா அக்காவின் கார் வந்து நின்றது. யாழ்ப்பாணத்துக்காரர், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஏறி உட்கார்ந்தேன். என் மடியில் துணி சுற்றிய கறுப்புக் கிண்ணம் ஒன்றும், முப்பது கிராம் பச்சைத் தேயிலைத் தூளும். தூள் மட்டும் நாற்பத்தெட்டு டாலர்.

ஒனிஹங்காவில் மூன்று வருடமாக ஜப்பானியத் தேநீர் முறை பழகுகிறேன். கற்றுத்தரும் யூமிக்கு என்னைவிட ஆறேழு வயதுதான் கூடுதல். அடுத்த மாதம் அவர் ஒசாகாவுக்கே திரும்புகிறார். இன்று முதல் விருந்தாளியாக இருந்து புதியவர்களை நான் வழிநடத்துவது சரியாக அமைந்தால் வகுப்பு என்னுடையது, இல்லையென்றால் மூடிவிடுவார். புதியவர்களுக்கு வழக்கமாக ஆளுக்கொரு கிண்ணத்தில் நீர்த்த தேநீர்தான். கெட்டித் தேநீர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது நான். அதை ஒரே கிண்ணத்தில் குழைப்பார்கள். ஒருவர் குடித்து, விளிம்பைத் துடைத்து, அடுத்தவரிடம் தருவார்.

முதன்முதலாக இதைப் போனில் சொன்னபோது, "எல்லாரும் ஒரே கிண்ணத்துலயா? வாய் வச்சா?" என்று அப்பா மூன்று தடவை கேட்டார். எங்கள் ஊர் டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸ். குடித்ததும் அவரே கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

9.25. ஒடாஹுஹுவில் ரமேஷ் அண்ணன் ஏறிக்கொண்டார். தமிழ்ப் பள்ளி விழாவில் பழக்கமானவர், ஐடி வேலை. "உங்க டீக்காகக் காலைலேருந்து பச்சத் தண்ணி கூடக் குடிக்கல தம்பி" என்றவர், என் பாட்டிலை வாங்கி வாய் வைத்துப் பாதியைக் காலி செய்தார்.

"சாப்பிட்டிட்டு வந்திருக்கலாம். உது வெறும் தேத்தண்ணிதானே, இடியப்பமே தரப்போகினம்?" என்றார் அக்கா.

இருவருக்கும் ஒரே ஒரு விதி சொன்னேன். "எதாவது புரியலைன்னா முன்னாடி இருக்கிறவர் செய்றதப் பாத்து அப்படியே செய்யுங்க."

"ஓம், அது சுகம், லேசான வேலைதான்" என்றார் அக்கா.

ஒனிஹங்காவுக்கு இன்னும் ஏழெட்டுக் கிலோமீட்டர். "தம்பிக்கு எந்த ஊரு?" என்று பின்சீட்டிலிருந்து கேள்வி வந்தது.

"விழுப்புரம் பக்கம்ணே."

"பக்கம்னா?"

பெயரைச் சொன்னேன்.

"அட, எங்க மாமா ஊரு. ஊருக்குள்ளயா, ரோட்டுக்கு அந்தாண்டயா?"

"அந்தாண்ட."

அந்தாண்ட இருப்பது காலனி. அக்காவுக்கு அது தெரியாது. எங்கள் இருவருக்கும் தெரியும். "பரவால்ல, நல்லா முன்னுக்கு வந்துட்டீங்க" என்றார் அண்ணன். அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினோராயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவனிடமும் அந்த ரோட்டைப் பற்றிக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார்.

10.00. சமுதாயக் கூடத்தின் பின்னறை, பாய்கள், கொதிக்கும் கெண்டி. யூமி தேநீரைக் குழைத்து வைத்தார். முதல் விருந்தாளியாக நான், அடுத்து அண்ணன், கடைசியில் அக்கா. தோசை மாவுப் பதத்தில் இருந்த தேநீரை மூன்று மடக்கு குடித்தேன். ஈரத்தாளால் விளிம்பைத் துடைத்து, கிண்ணத்தைத் திருப்பி, இரண்டு கைகளாலும் நீட்டினேன்.

அண்ணன் வாங்கினார். தலையைப் பின்னால் சாய்த்தார். உதட்டுக்கு ஒரு சாண் மேலே கிண்ணத்தைத் தூக்கிக் கவிழ்த்தார்.

தண்ணீராக இருந்தால் கொட்டியிருக்கும். இது விளிம்பிலேயே தொங்கி நின்றது. பிறகு ஒரு பெரிய கட்டியாக விழுந்தது, பாதி வாயில், பாதி வெள்ளைச் சட்டையில்.

"கோவிட்டுக்கு அப்புறம் இப்படியே பழகிடுச்சு" என்றார். யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. என் பாட்டில் அவருடைய பையருகே பாதி காலியாகக் கிடந்தது.

அக்கா என் விதியை மறக்கவில்லை. முன்னால் இருந்தவர் செய்ததைப் போலவே மிச்சத்தை அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். மூக்கெல்லாம் பச்சை. "கஷ்டமான வித்தைதான் தம்பி" என்று சிரித்தார்.

இது உங்கள் நாட்டு முறையா என்று யூமி ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணன் பாயைப் பார்த்தபடி இருந்தார். நான்தான் சொன்னேன்: "ஆமாம். மரியாதைக்காக அப்படிக் குடிப்போம்."

யூமி அண்ணனைப் பார்த்துத் தரை வரை குனிந்து வணங்கினார். "வகுப்பு இனி உங்களுடையது. உங்கள் முறையையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்" என்று அறைச் சாவியை என் கையில் வைத்தார்.

கிண்ணத்தைக் கழுவ எடுத்தேன். மூன்று பேர் குடித்த கிண்ணத்தில் மூன்று இடங்களில் துடைத்த தடம் இருக்கும். இதில் ஒன்றுதான் இருந்தது, என்னுடையது.

அக்கா காருக்குக் கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்று ரயில் நிலையத்துக்கு நடந்தேன். பென்ரோஸில் இறங்கினால் வீட்டுக்கு முக்கால் மணி நேர நடை. ஊரில் தனி கிளாஸ் எந்தக் கடையில் இருக்கும் என்று தெரியும். அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடலாம். இங்கே கிண்ணத்தை நானே வாங்கி, நானே துடைத்து, நானே நீட்டினேன். இனி மாதம் நான்கு சனிக்கிழமைகளில் நீட்ட வேண்டும்.

12.00. ஊரில் விடிகாலை ஐந்தரை. நடைமேடையில் நிற்கும்போது அப்பாவே கூப்பிட்டார்.

"வகுப்ப உனக்கே குடுத்துட்டாங்களாப்பா?"

"குடுத்துட்டாங்க."

"நம்மாளுங்க வந்தாங்களே, எல்லாரும் குடிச்சாங்களா?"

"குடிச்சாங்கப்பா."

"அந்த ஒரே கிண்ணத்துல?"

"அதுலதான்."

தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை அவர் எழுப்பிச் சொல்வது போனில் கேட்டது.