மூன்றாவது இழுவையில் கருகும் பஞ்சு

என் மனைவி எனக்கு வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "இனி ஒருக்கா சிகரெட் பிடிச்சீங்களெண்டால் நான் போன் எடுக்க மாட்டன்."

கிளிநொச்சியில் இருந்துகொண்டு என் இருமலை வைத்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவாள். சொன்னால் செய்கிறவளும்கூட. அதற்கு முன்பு, நான் சொன்ன வேறொரு பொய்க்காகப் பதினொரு நாள் கதைக்காமல் இருந்திருக்கிறாள். அந்தப் பதினொரு நாளும் நான் பலெர்மோவில் வேலைக்குப் போனேன், வந்தேன், சாப்பிட்டேன், படுத்தேன். வாழ்ந்தேன் என்று சொல்ல மாட்டேன். வியாழன் பிற்பகலும் ஞாயிறும் அவளோடு வீடியோவில் கதைப்பதைத் தவிர எனக்கு அந்த ஊரில் வேறு எதுவும் இருக்கவில்லை.

நான் சின்யோரா என்று கூப்பிடும் ஒரு இத்தாலியப் பெண்மணியின் வீட்டில் துடைப்பது, கழுவுவது, அவருடைய நாய்க்குட்டியை உலாத்தக் கூட்டிப்போவது என்று வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரேத்தோப் பகுதியில் ஐந்தாம் மாடியில் அறை. கூட இருந்த இருவரும் கோடை தொடங்கியதும் மொண்டெல்லோ கடற்கரை உணவகங்களில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார்கள். மூன்று கட்டில், ஒரு ஆள்.

சிகரெட்டை விட வேண்டுமே என்றுதான் மின்சிகரெட் வாங்கினேன். அதற்குள் சூடாகும் கம்பிச்சுருள், காயில் என்பார்கள், சீக்கிரமே கருகியது. கடைக்காரனிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவன் சிரித்துக்கொண்டே வேறொன்றை எடுத்து வைத்தான். காயிலை நாமே சுற்றி, நாமே பஞ்சு வைத்துக்கொள்கிற மாதிரியானது. பஞ்சு மாம்பழ வாச எண்ணெயைக் குடிக்கும், கம்பி அதைச் சூடாக்கிப் புகையாக்கும். கைவேலை தெரிந்தவர்களுக்கு மட்டும் என்றான். என்னைப் பார்த்தா சொல்கிறான்! ஊரில் ஏழு வருடம் தண்ணீர்ப் பம்பு மோட்டர்களுக்குக் கம்பி சுற்றினவன் நான். அந்த வீறாப்பில் வாங்கிவந்தேன்.

முதல் இழுவை நன்றாக இருந்தது. இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவதில் தொண்டைக்குள் துணி எரிந்தது போல ஒரு கருகல்.

காயில்தான் பிழை என்று முடிவுகட்டினேன். பஞ்சில்லாமல் பட்டனை அழுத்திப் பார்த்தால், கம்பி நடுவில் சிவந்து இரு பக்கமும் பரவ வேண்டும். என்னுடையது இடது பக்க முனையில்தான் முதலில் சிவந்தது. திருகாணி தளர்வு. இறுக்கினேன். பிறகு இரண்டாம் சுற்றில் ஒரு பொட்டு மட்டும் பழுத்தது. சாவணத்தால் நெரித்துச் சுற்றுகளை ஒட்டவைத்தேன். ஐந்து சுற்று, ஆறு சுற்று, ஏழு சுற்று எல்லாம் பார்த்தாயிற்று. கம்பியின் மொட்டை முனை சாமானின் உட்சுவரில் முட்டுகிறதோ என்று நகவெட்டியால் ஒட்ட நறுக்கினேன். கடைசியில் காயில் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தது. பஞ்சை வைத்து மூடி இழுத்தால், மூன்றாவதில் அதே கருகல்.

இப்படி ஒரு மாதம். அவளிடம் இந்தக் கதை எதுவும் சொல்லவில்லை. இதுவும் புகைதானே என்று பிடித்துக்கொள்வாள் என்ற பயம். அதனால் எங்கள் பேச்சு ஒரே தடத்தில் போனது. சாப்பிட்டீங்களோ? ஓம். என்ன கறி? பருப்பு. அங்கை மழையோ? இல்லை. நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். ஐந்து வருடம் பிரிந்திருந்தால் சொல்வதற்குக் கனக்க இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படியில்லை. பகிர்ந்துகொள்ள ஒரு அன்றாடம் இல்லாவிட்டால் பேச்சும் வற்றிப்போகும். அது என்னை நிறையப் பயமுறுத்தியது.

ஒரு வியாழன் பிற்பகல், பதினான்காவதோ பதினைந்தாவதோ காயிலும் கருகியதும், சாமானைக் கட்டிலில் எறிந்துவிட்டுக் கீழே இறங்கினேன். சிகரெட் கடை பூட்டியிருந்தது. அந்த நேரம் இந்த நகரத்தில் எல்லாம் பூட்டித்தான் இருக்கும், எரிச்சலில் மறந்துவிட்டேன். வாசற்படியில் இரண்டாம் மாடி மொரீசியஸ்காரர் புகைத்துக்கொண்டிருந்தார். தமிழ் வம்சம், நெற்றியில் திருநீறு, வாயில் மட்டும் தமிழ் இல்லை. வணக்கம் என்பதற்கு அப்பால் எங்களுக்குள் எல்லாம் இத்தாலியன்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றை நீட்டினார். வாங்கினேன். இரண்டு இழுவை இழுத்திருப்பேன், சட்டைப் பையில் போன் அடித்தது. அவள்.

சிகரெட்டை நசுக்கிவிட்டு ஐந்து மாடியும் ஓடி ஏறினேன்.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? ஏன் மூச்சு வாங்குது?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "இப்ப ஒண்டு பிடிச்சனான். ரெண்டு இழுவைதான்."

போனை வைக்க அவளுடைய கை நீண்டு திரைக்குக் கிட்ட வந்தது.

"வைக்காதையும். இதை ஒருக்காப் பாரும், பிறகு வையும்" என்று கெஞ்சினேன். கட்டிலில் கிடந்ததை எடுத்துக் காட்டி, ஒரு மாதமாகப் பட்ட பாட்டைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்துவைத்து அவள் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் செய்து காட்டினேன். கம்பி சுற்றினேன், சிவக்கவைத்தேன், ஆறவிட்டேன். அவள் போனை வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சை எடுத்துத் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டத் தொடங்கினேன். விளக்குத் திரி திரிப்பது போலத்தான். எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான்.

"இதென்ன, தேர்வடமோ?" என்றாள்.

"என்ன?"

"இவ்வளவு இறுக்கித் திரிச்சால் எண்ணெய் எப்பிடி ஏறும்? நாளாந்தம் விளக்குக் கொளுத்திற எனக்குத் தெரியாதோ? உங்கடை அம்மாவும் இப்பிடித்தான் திரிப்பா. அங்கை எரியிறதை விடப் புகையிறதுதான் கூட."

"மோட்டர் சுத்தின எனக்கு நீர் சொல்லித்தாறீரோ?"

"மோட்டரே எண்ணெய் குடிக்குது? பஞ்சுதானே குடிக்குது. அதுக்கு மூச்சுவிட இடம் குடுங்கோ. பிரியுங்கோ, பிரியுங்கோ. இன்னும்!"

கோபத்தோடுதான் பிரித்தேன். உருட்டாமல், மேகத் துண்டு போல அப்படியே காயிலுக்குள் நுழைத்து, இரு பக்க நுனியையும் கோதிவிட்டேன். இழுத்தேன். மூன்று, நாலு, பத்து. கருகவில்லை. மாம்பழ வாசம் மட்டும் வந்தது. அவள் கைகொட்டிச் சிரித்தாள். அன்றைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தோம். என் சுற்றுகளைப் பற்றி, அம்மாவின் திரியைப் பற்றி, சின்யோராவின் நாயைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமை எடுத்தாள். "எப்பிடி, வேலை செய்யுதோ?"

"ஓம், நல்லாச் செய்யுது."

"சாப்பிட்டீங்களோ?"

நாலு நிமிடம். திரை இருண்டதும் மூன்று கட்டில்களையும் பார்த்தபடி இருந்து அழுதேன். பழுதில்லாத ஒரு சாமானை வைத்துக்கொண்டு அப்படி அழுதது நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

அடுத்த வியாழன் பஞ்சைத் தொடையில் வைத்து, பழையபடி இறுக்கி உருட்டினேன். மூன்றாவது இழுவையில் தொண்டை கருகியது. இருமிக்கொண்டே அவளுக்கு எடுத்தேன். "திரும்பவும் கருகுது, என்னெண்டு பாரும்." அவள் ஏசினாள். ஏசி ஏசிச் சொல்லித்தந்தாள். அதற்குப் பிறகு சிகரெட் பக்கம் நான் போகவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு முறையாவது கருகவைத்தேன்.

மாரி தொடங்கிய பிறகு ஒரு நாள், நான் பஞ்சை உருட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள். "உங்களுக்குக் கை பழகேல்லையோ, இல்லாட்டி வேணுமெண்டு செய்யிறீங்களோ?"

நான் உருட்டுவதை நிறுத்தினேன். திரையில் அவள் எழுந்து போவது தெரிந்தது. வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

"சரி," என்றாள், "முதல்லை இருந்து காட்டுங்கோ."